வேகமுள் விழுந்த வண்டி

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த வெள்ளை வேன் பட்டறைக்குள் வந்து நின்றது. பின்கதவு மட்டும் புதிது. டிங்கர் கடைக்காரர் சாவியையும் ஒரு தாளையும் கொடுத்துவிட்டுப் போனார். தாள் ஆஸ்பத்திரியின் போக்குவரத்து அதிகாரி அனுப்பியது. கியர்பெட்டியைச் சோதித்து, நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கவேண்டும். மூன்று மணிக்கு அவரே நேரில் வந்து வாங்கிக்கொள்வார். நான்கு மணிக்கு வண்டி டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றப் போகவேண்டும்.

தாளை வாங்கியவள் அந்தப் பட்டறையின் மின்வேலை மெக்கானிக். நாற்பத்து நான்கு வயது. எல்லோருக்கும் அவள் 'மீட்டரக்கா'. மல்டிமீட்டரின் இரண்டு ஊசிகளையும் தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள். வீட்டில் டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்று கணவர் முனகினால், பாட்டரிகளை அளந்து 'உயிர் இருக்கு', 'போச்சு' என்று துண்டுச் சீட்டு ஒட்டிவைப்பாள். "என்னை மட்டும்தான் இன்னும் அளக்கல" என்பார் அவர்.

அவள் தாளை இரண்டு தடவை படித்தாள். பிறகு இரும்பு அலமாரியைத் திறந்து அந்த வண்டியின் கோப்பை உருவினாள். மேலே இருந்த அட்டை பதினெட்டு நாளுக்கு முந்தையது. 'டிரைவர் புகார்: வேகமுள் ஒரு தடவை பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தது. சோதனை: வேக சென்சார் சரி, ஒயர் சரி. குறை தென்படவில்லை.' கீழே இருந்த கையெழுத்து அவளுடையது.

புகார் சொன்ன டிரைவர் அவள் கூடப்பிறந்த தம்பி.

போன வியாழக்கிழமை நடந்தது இதுதான். தம்பி ஒன்பது வருஷமாக அந்த ஆஸ்பத்திரி வேனை ஓட்டுகிறான். சிறுநீரகம் கெட்டவர்களை வீடு வீடாகப் போய் ஏற்றிக்கொண்டு வந்து டயாலிசிஸ் பிரிவில் இறக்குவான். முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவான். அன்று மதியம் வண்டியில் ஐந்து பேர். மேம்பாலத்தின் அடியில் முக்கால் மணி நேரம் நெரிசலில் நின்று, பிறகு பாலத்தில் ஏறி அறுபதில் போய்க்கொண்டிருந்தான். திடீரென்று வண்டியைப் பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்தது போல ஆனது. என்ஜின் அலறியது. வேகம் பாதியாக விழுந்தது. பின்னால் வந்த லாரி பின்கதவில் வந்து முட்டியது. நான்கு பேருக்குச் சிராய்ப்போடு போயிற்று. கடைசி இருக்கையில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

"நான் பிரேக்கைத் தொடவே இல்ல" என்றான் தம்பி.

"பிரேக் லைட்டே எரியல, நான் எதைப் பாத்து நிறுத்துறது?" என்றார் லாரிக்காரர்.

"டிரைவர் கை அந்தக் கம்பி மேலதான் இருந்துச்சு. கீழ இழுத்தாரு" என்றார் டீச்சரம்மா.

அதிகாரி மூன்றையும் கூட்டிப் பார்த்தார். பிரேக் போடாமல் வண்டி வேகம் குறைய ஒரே வழிதான் அவருக்குத் தெரிந்தது: கவனமில்லாத டிரைவர் கியர் லிவரைச் சின்ன கியருக்கு இழுத்திருக்கவேண்டும். தம்பியை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். வண்டியில் கோளாறில்லை என்று பட்டறைச் சீட்டு வந்துவிட்டால் நிறுத்திவைத்தது நிரந்தர வேலைநீக்கமாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்த தம்பி மனைவி, "வாங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் திரும்ப வரவே இல்லை. தம்பி கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"முள்ளு விழுந்துச்சுக்கா. என் கண்ணால பாத்தேன். அறுபதுல இருந்தது அப்படியே பூஜ்யத்துக்கு வந்துச்சு. அடுத்த நொடி வண்டி முட்டிக்கால் போட்ட மாதிரி உக்காந்துருச்சு. அப்புறம்தான் நான் லிவர்ல கை வெச்சேன். எதையாவது புடிக்கணும்னு கை தானா போச்சு."

"இதை அவங்ககிட்ட சொன்னியா?"

"சொன்னேன். முள்ளு விழுந்த கதையத்தான் போன மாசமே சொன்னீங்களே, பட்டறையில பாத்து ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாங்களேன்னு கேட்டாங்க." அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "யாரு எழுதினதுன்னு அவங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரியுமில்ல?"

 அவள் எழுந்து வந்தாள்.

திங்கட்கிழமை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது முதலாளி வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்.

"இந்த வண்டிய நீ தொடவேண்டாம்" என்றார். "ஒட்டடை பாக்கட்டும். நீ என்ன சொன்னாலும் தம்பிய காப்பாத்தத்தான் சொல்றேன்னு ஆகிடும்."

"ஒட்டடை கியர்பெட்டி பாப்பான் சார். இது ஒயர் சங்கதி. அவன் பாத்து ஒண்ணுமில்லன்னு சொல்லி, சாயங்காலம் அஞ்சு பேரை ஏத்திக்கிட்டுப் போய் அதே பாலத்துல மறுபடி உக்காந்தா?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. ரெண்டு பேரும் சேந்து பாருங்க. எதைச் செஞ்சாலும் அவன் கண்ணு முன்னாடி செய்."

ஒட்டடை என்பவன் கியர்பெட்டி மெக்கானிக். ஒட்டடைக் குச்சியைப் போல நெட்டையாக, ஒல்லியாக இருப்பான். வண்டிக்கு அடியில் படுத்தால் கால் இரண்டும் பக்கத்து வண்டிக்குப் போய்விடும். இருவரும் ஸ்கேனரை மாட்டினார்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறும் பதிவாகியிருக்கவில்லை.

"பாத்தியாக்கா, சுத்தமா இருக்கு" என்றான் ஒட்டடை.

"சுத்தமா இருக்கா, சுத்தமா துடைச்சிருக்கா? டிங்கர் கடையில வெல்டிங் வைக்க பாட்டரியக் கழட்டியிருப்பாங்க. கழட்டினா இதுக்கு ஞாபகமெல்லாம் போயிடும்."

போன் போட்டுக் கேட்டார்கள். ஆமாம், கழற்றினோம் என்றார் டிங்கர் கடைக்காரர். ஆக, சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஜீவன் எல்லாவற்றையும் மறந்துவிட்டிருந்தது.

அவள் வண்டிக்கு அடியில் போனாள். கியர்பெட்டியின் வால்பகுதியில் கட்டைவிரல் பருமனில் அந்த வேக சென்சார் செருகியிருந்தது. உள்ளே மயிரிழைக் கம்பியில் சுற்றிய ஒரு சுருள்; காயில் என்பார்கள். அதன் மூக்குக்கு எதிரே ஒரு பல்சக்கரம் சுற்றும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு துடிப்பு கம்ப்யூட்டருக்குப் போகும். டிரைவருக்குக் கியர் மாற்றும் வேலையில்லாத வண்டி அது; லிவர் இருந்தாலும் ஓட்டத்தில் அதைத் தொடவேண்டியதில்லை. கியரை மாற்றுவது கம்ப்யூட்டர். அதற்கு ரோடு தெரியாது, பாலம் தெரியாது. துடிப்பு வேகமாக வந்தால் வண்டி வேகமாகப் போகிறது, துடிப்பு நின்றால் வண்டி நின்றுவிட்டது. அவ்வளவுதான் அதன் உலகம்.

கனெக்டரைக் கழற்றி மீட்டர் ஊசிகளை வைத்தாள். ஐந்நூற்று அறுபது ஓம். இருக்கவேண்டிய எண்ணும் அதுதான். பதினெட்டு நாளைக்கு முன்பும் இதே எண்ணைத்தான் பார்த்திருந்தாள். ஒயரை அங்குலம் அங்குலமாக ஆட்டிப் பார்த்தாள். ஊசிமுனை அளவு பச்சை பூத்திருக்கிறதா என்று கனெக்டரின் பின்களை லென்ஸ் வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரி. மணி பதினொன்று.

"ஓட்டிப் பாத்துடலாம்" என்றாள்.

ஒட்டடை ஓட்டினான், அவள் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வானம் மூடி, தூறல் விழுந்துகொண்டிருந்தது. அதே பாலத்தில் நான்கு தடவை ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் உச்சி வரும்போது ஒட்டடையின் கண் பின்கண்ணாடிக்குப் போகும். அவள் கால்கள் தானாக ஊன்றிக்கொள்ளும். முள் அசையவில்லை. விழுந்தால் இரண்டு பேர் உயிருக்கும் ஆபத்து. ஆனாலும் விழாதா, விழாதா என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டரை.

"அக்கா" என்றான் ஒட்டடை, குரலைத் தாழ்த்தி. "தம்பி மேல எனக்கும் பிரியம்தான். ஆனா மனுசன்னா கை தவறுறது உண்டுதானே?"

 அவள் ஸ்கேனரில் பதிவான எண்களை முதலிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. கியர் எண்ணெயின் சூடு: எழுபத்திரண்டு டிகிரி. நான்காம் தடவை பாலம் ஏறியபோதும் அது எண்பதைத் தொடவில்லை.

தூறல். காலி வண்டி. ஏசி போடவில்லை. நெரிசலே இல்லை. வியாழக்கிழமையோ நல்ல வெயில். ஐந்து பேர், ஏசி, முக்கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே உறுமல், அதற்குப்பிறகு ஏற்றம். அன்று எண்ணெய் நூறைத் தாண்டிக் கொதித்திருக்கும்.

பத்தொன்பது வயதிலிருந்து பதினோரு வருஷம் அவள் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் காயில் சுற்றியவள். தண்ணீர் பம்ப் மோட்டார்கள் வரும். கடையில் போட்டால் ஜம்மென்று ஓடும். கொண்டுபோய் மாட்டினால் அரை மணி நேரத்தில் நின்றுவிடும். திரும்பக் கடைக்கு வந்தால் மறுபடி ஓடும். பிரித்துப் பார்த்தால் கம்பி எங்கோ மயிரிழையில் விட்டிருக்கும். குளிர்ந்திருக்கும்போது இரண்டு முனையும் ஒட்டி நிற்கும். சூடேறினால் சுற்றியிருக்கும் பிசின் உப்பி, இரண்டையும் விலக்கிவிடும். இது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தெரிந்திருந்தும் அன்று குளிர்ந்த சென்சாரை அளந்து சரி என்று எழுதியிருக்கிறாள். அன்று வரிசையில் ஆறு வண்டி நின்றது, மணி ஐந்தரை ஆகியிருந்தது என்பதெல்லாம் நிஜம்தான். டீச்சரம்மாவின் கையிடம் போய் அதைச் சொல்ல முடியாது.

அவள் அதிகாரிக்குப் போன் செய்து இரண்டு மணிக்கே வரமுடியுமா என்று கேட்டாள். பிறகு முதலாளியின் அறைக்குப் போனாள்.

"சென்சாரை எண்ணெயில போட்டுக் கொதிக்க வைக்கப் போறேன் சார். அதிகாரி கண்ணு முன்னாடி."

வாசலில் நின்ற ஒட்டடை, "உப்பு, காரம் ஏதாவது போடணுமாக்கா?" என்றான். யாரும் சிரிக்காததால் அவனே வாயைப் பொத்திக்கொண்டான்.

முதலாளி அவனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "அது கெட்டுப்போனதுன்னு வந்தா என்ன ஆகும்னு யோசிச்சியா? பதினெட்டு நாளைக்கு முன்னாடி சரின்னு எழுதினது இந்தப் பட்டறை. ஆஸ்பத்திரி வண்டி அஞ்சும் கையவிட்டுப் போகும். பதினோரு குடும்பம் இங்க சாப்பிடுது."

"தெரியும் சார்."

"ஒரு வழி இருக்கு. இப்பவே புது சென்சார் போட்டுரு. பழசு மோதல்ல அடிபட்டுக் கெட்டதுன்னு எழுதலாம். வண்டியும் பத்திரம், நாமளும் பத்திரம்."

"என் தம்பி?"

முதலாளி மேஜையைப் பார்த்தார். "அவனுக்கு வேற எடத்துல நான் வேலை வாங்கித் தர்றேன்."

"அவன் கை தவறி அஞ்சு பேரைச் சாகடிக்கப் பாத்தான்னு எழுதின தாளை வெச்சுக்கிட்டு எந்த எடத்துல சார் வாங்கித் தருவீங்க?"

 அவர் கெட்டவர் இல்லை. வைண்டிங் கடை மூடியபோது, கார் வேலை ஒன்றும் தெரியாத அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தவர் அவர்தான். அதனால்தான் அவளுக்கு நிற்பதே கஷ்டமாக இருந்தது.

"கொதிக்க வெச்சும் அது நல்லாவே இருந்தா?" என்று கேட்டார் கடைசியில்.

"அப்ப சீட்டை நானே எழுதிக் கையெழுத்துப் போடுறேன்."

அதிகாரி இரண்டு மணிக்குச் சரியாக வந்தார். குடையை மடக்கி, ஈரம் சொட்டாமல் மூலையில் சாய்த்துவைத்தார். எதையும் உடனே நம்பாத, உடனே மறுக்கவும் செய்யாத முகம்.

"நீங்க டிரைவரோட அக்காவாமே" என்றார் முதல் வார்த்தையாக.

"ஆமா சார். அதனாலதான் உங்களை முன்னாடியே வரச்சொன்னேன். இன்னும் நான் கழட்டல. நீங்க பாக்க இவர் கழட்டுவாரு. சென்சாரை நான் தொடமாட்டேன்."

ஒட்டடை சென்சாரைக் கழற்றிக் கொண்டுவந்தான். டீ போடும் அறையில் அடுப்பின் மேல் ஒரு சின்ன வாணலியில் புதிய கியர் எண்ணெய் இருந்தது. கம்பியில் கட்டிய சென்சாரையும், ரேடியேட்டர் பார்க்கும் வெப்பமானியையும் அதற்குள் தொங்கவிட்டான். மீட்டரின் கவ்விகளை மாட்டி, திரையை அதிகாரியின் பக்கம் திருப்பிவைத்தான். ஐந்நூற்று அறுபது.

அடுப்பைச் சிறுதீயில் வைத்தார்கள். நான்கு பேரும் அந்தச் சின்ன அறையில் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். எண்ணெய் வாசனை மெல்ல எழும்பியது.

அறுபது டிகிரியில் மீட்டர் அறுநூற்று முப்பதைத் தாண்டியது. "ஏறுதே" என்றார் அதிகாரி.

"செம்புக் கம்பி சூடானா அப்படித்தான் சார் ஏறும். அது குத்தமில்ல. எண்ணு காணாமப் போனாத்தான் குத்தம்."

எண்பது. அறுநூற்று எண்பது. தொண்ணூறு. எழுநூறு. எண் ஒவ்வொன்றாக, ஒழுங்காக, பள்ளிப்பிள்ளை படியேறுவது போல ஏறிக்கொண்டே போனது. நூறு டிகிரி. ஒன்றும் ஆகவில்லை. முதலாளி விட்ட மூச்சு அவளுக்குக் கேட்டது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் எவ்வளவு தூரம் ஏத்துவீங்க?"

"நூத்தி இருபது வரைக்கும் சார். அதுக்கு மேல ஏத்தினா நல்ல சென்சாரே உருகிடும். அப்புறம் அது சாட்சியில்ல, கொலை."

நூற்று நான்கு. நூற்று ஆறு.  தம்பியின் முகம் நினைவுக்கு வந்தது. அவன் சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் காது சிவந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காது சிவந்திருந்ததா? கவனிக்கவில்லையே. ஒருவேளை கை தவறித்தான் இழுத்திருப்பானோ? அவள் முதன்முறையாக அப்படி நினைத்தாள். நினைத்ததற்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. நூற்று ஒன்பது.

நூற்றுப் பதினொன்றில் எழுநூற்று நாற்பத்தெட்டு என்றிருந்த எண் ஒரு தடவை கண்சிமிட்டியது. திரும்ப வந்தது. மறுபடி சிமிட்டியது.

"ஐயோ" என்றான் ஒட்டடை.

நூற்றுப் பதின்மூன்றில் திரை காலியானது. எண் இருந்த இடத்தில் 'OL' என்ற எழுத்து மட்டும்; உள்ளே கம்பி விட்டுவிட்டது என்று அர்த்தம்.

அவள் எட்டி அடுப்பை அணைத்தாள். யாரும் அசையவில்லை. ஏழு நிமிஷம் கழித்து, எண்ணெய் நூற்று மூன்றுக்கு இறங்கியபோது, ஒன்றுமே நடக்காதது போல எண் திரும்பவும் வந்து உட்கார்ந்தது.

"செத்துப் பொழைக்குது" என்றார் முதலாளி, தன்னையறியாமல்.

அதிகாரி தாடையைத் தேய்த்தார். "சரி. வாணலியில கெட்டுப்போச்சு. ஆனா இது போனதுனாலதான் வண்டி அப்படி உக்காந்துச்சுன்னு எப்படி நம்புறது? ரோட்டுல வாணலி இல்லையே."

நியாயமான கேள்விதான். அவள் அதை எதிர்பார்த்திருந்தாள். ஆனால் அடுத்து செய்யப்போவதை இதுவரை அவள் செய்து பார்த்ததில்லை. வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, நான்கு இரும்பு முட்டுக்களின் மேல் உட்காரவைத்தார்கள். பின்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி நின்றன. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்கள். புது சென்சார் ஒன்றை மாட்டி, அதன் ஒயரை நீட்டி, நடுவில் ஒரு சுவிட்சை வைத்து டிரைவர் இருக்கைக்குக் கொண்டுவந்தாள். சுவிட்சை அணைத்தால் துடிப்பு நின்றுவிடும்; வண்டி நின்றுவிட்டது என்று எண்ணிக் கம்ப்யூட்டர் சின்ன கியருக்கு இறக்கும் என்பது அவள் கணக்கு. பாலத்தின் மேல் பழைய சென்சார் செய்ததும் அதைத்தான்.

"வண்டி முட்டுல இருந்து நழுவினா?" என்றார் முதலாளி.

"அதான் எல்லாரும் பக்கவாட்டுல நிக்கணும். பின்னாடி, முன்னாடி யாரும் வேண்டாம். சார், நீங்க அந்தத் தூண் பக்கத்துல நின்னு பிரேக் லைட்டை மட்டும் பாருங்க. வேற எதையும் பாக்கவேண்டாம்."

இருக்கையில் ஒட்டடை உட்கார்ந்தான். இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி, எல்லோருக்கும் தெரியும்படி கூரைப் பிடியைப் பிடித்துக்கொண்டான். லிவர் பக்கம் கையே போகக்கூடாது. அவள் ஜன்னலுக்கு வெளியே சுவிட்சைப் பிடித்தபடி நின்றாள். என்ஜின் உறுமியது. அந்தரத்தில் சக்கரங்கள் சுழன்றன. இருபது. நாற்பது. பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த எல்லோரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஐம்பது. கியர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறுவது சத்தத்திலேயே தெரிந்தது. அறுபது.

"இப்பவா?" என்று கத்தினான் ஒட்டடை.

அவள் சுவிட்சை அணைத்தாள்.

முள் செத்து விழுந்தது. ஒரு நொடி எதுவும் இல்லை. பிறகு வண்டியின் வயிற்றில் சம்மட்டியால் அடித்தது போல ஒரு சத்தம். என்ஜின் ஊளையிட்டது. முட்டுகள் கிரீச்சிட்டு, வண்டி முழுவதும் முன்னால் ஒரு விரற்கடை நகர்ந்தது. யாரோ கத்தினார்கள். சுழன்றுகொண்டிருந்த சக்கரங்கள் கழுத்தைப் பிடித்து அமுக்கியது போலத் தளர்ந்தன. ஒட்டடை சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, வெளிறிய முகத்தோடு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.

அவள் சுவிட்சைத் தரையில் வைத்தாள்.

"சார்" என்றாள் அவள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "பிரேக் லைட் எரிஞ்சுதா?"

அதிகாரி இன்னும் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல" என்றார். பிறகு, "லாரிக்காரர் சொன்னது இதுதான்" என்றார்.

அவர் பையிலிருந்து தாளை எடுத்து, வண்டியின் மூக்கில் வைத்து எழுத ஆரம்பித்தார். பாதியில் பேனா நின்றது. "போன மாசம் டிரைவர் புகார் சொன்னப்ப இந்த சென்சாரைப் பாத்து சரின்னு எழுதினது யாரு?"

முதலாளி வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது. அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"நான்தான் சார். குளிர்ந்திருக்கும்போது அளந்தேன். சூடு பண்ணிப் பாத்திருக்கணும். பாக்கல."

அதிகாரி திட்டவில்லை. அதையும் எழுதிக்கொண்டார். அன்று நான்கு மணிக்கு அந்த வேன் நோயாளிகளை ஏற்றப் போகவில்லை; வாடகை வண்டி ஒன்று போனது.

புதன்கிழமை தம்பிக்குத் திரும்ப வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பட்டறைக்கும் ஒன்று வந்தது. ஆஸ்பத்திரியின் மற்ற நான்கு வேன்களின் சென்சார்களையும் இதே மாதிரி சூடாக்கிப் பார்க்கவேண்டும். மின்வேலை மெக்கானிக் ஆறு மாதத்துக்கு எந்த ஆஸ்பத்திரி வண்டிக்கும் கையெழுத்துப் போடக்கூடாது. வண்டிகள் பட்டறையை விட்டுப் போகவில்லை. வேறு பட்டறை எதுவும் அதைக் கண்டுபிடித்திருக்காது என்று அதிகாரி எங்கோ சொன்னதாக முதலாளி சொன்னார். சொல்லிவிட்டு, "இருந்தாலும் எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமில்ல" என்றார். நான்கு வேன்களில் ஒன்றின் சென்சார் தொண்ணூற்றெட்டு டிகிரியிலேயே செத்தது. அந்த வேனில் குழந்தைகளை ஏற்றிப் போவார்கள். அதைக் கேட்ட பிறகு ஒட்டடை வாணலியைப் பற்றி ஜோக் அடிப்பதை விட்டுவிட்டான்.

தம்பி நன்றி சொல்லவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. வேலைக்குத் திரும்பிய அன்று மதியம் வேனைப் பட்டறை வாசலில் நிறுத்தி, இறங்காமலே கேட்டான்.

"அன்னிக்கே கொதிக்க வெச்சிருக்கலாம்லக்கா?"

"வெச்சிருக்கலாம்டா."

"அந்த அம்மா கை ஒடிஞ்சிருக்காது."

"ஆமாடா."

அவன் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். "ஏறு" என்றான். "இன்னிக்கு அவங்களுக்கு டயாலிசிஸ். இப்ப உள்ள படுத்திருப்பாங்க. தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு."

டயாலிசிஸ் பிரிவில் இயந்திரங்கள் ஒரே தாளத்தில் முனகிக்கொண்டிருந்தன. டீச்சரம்மா ஜன்னல் ஓரக் கட்டிலில் இருந்தார். இடது கையில் குழாய்கள். வலது கை கட்டோடு தலையணையின் மேல். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சென்சார், குளிர்ச்சி, தன் கையெழுத்து, எதையும் விடவில்லை. டீச்சரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஆக, உன் தப்பு" என்றார்.

"ஆமாம்மா."

"முப்பத்தி மூணு வருஷம் பிள்ளைங்க தப்பைத் திருத்தியிருக்கேன். என் தப்பை இப்பத்தான் திருத்தணும்." அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "வண்டி குலுங்கினதுக்கு அப்புறம்தான் உன் கையைப் பாத்தேன். முன்னாடி பாத்த மாதிரி சொல்லிட்டேன். பொய் சொல்லணும்னு சொல்லலப்பா. கை வலி, பயம், யாரையாவது காட்டணும்னு இருந்துச்சு."

"பரவாயில்லம்மா" என்றான் தம்பி.

"பரவாயில்லன்னு சொல்லாதே. என்னைத் திட்டு. எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்."

அவன் திட்டவில்லை. "சாயங்காலம் நாலே முக்காலுக்கு வண்டி எடுப்பேன். முன்சீட்டுல உக்காருங்க. அங்க குலுங்காது" என்றான். டீச்சரம்மா தலையை ஆட்டினார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்து நடையில் நடந்தபோது தம்பி அக்காவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த விஷயத்தைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆறு மாதத்தில் இன்னும் நாலு மாதம் பாக்கியிருக்கிறது. ஆஸ்பத்திரி வண்டிகளில் அவள் செய்யும் வேலைக்கெல்லாம் ஒட்டடைதான் கையெழுத்துப் போடுகிறான். ஒவ்வொரு வரியையும் உதடசைத்துப் படித்து, புரியாத இடத்தில் கேள்வி கேட்டு, மீட்டரை வாங்கித் தானே அளந்து பார்த்துவிட்டுத்தான் போடுவான். "நீ கையெழுத்துப் போடுறதுக்குள்ள வண்டிக்கே வயசாயிடும்டா" என்று அவள் கத்துவாள். நேற்றும் அப்படித்தான், ஒரு ஆம்புலன்ஸ் அவசரமாகக் காத்திருக்க, ஒட்டடை வாணலியை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸ் டிரைவர் வாசலில் நின்று ஹாரன் அடித்தார். அவள் போய், "இன்னும் பத்து நிமிஷம் ஆகும். வேணும்னா வேற வண்டியக் கூப்பிடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி வந்து நின்றாள்.